பன்றிக்குட்டியின் குடலில் ஓமம் என்ன செய்யும்?

ஹைதராபாத்துக்கு வடமேற்கே படான்செருவில் மருந்து ஆலைகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து வெளியேறிய நீரை ஸ்வீடன் ஆய்வாளர் யோவாகிம் லார்ஷோன் குழுவினர் சோதித்து, 2007இல் முடிவை வெளியிட்டார்கள். லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்! அந்த மாத்திரையை விழுங்கிய நோயாளியின் ரத்தத்தில்கூட அவ்வளவு இருக்காது. ஆன்டிபயாடிக்குக்குப் பழகிப்போன கிருமி என்பது இந்த ஊருக்குத் தூரத்துச் செய்தி அல்ல.

கிருமி அப்படிப் பழகும் இன்னொரு இடம் ஆன்டிபயாடிக் கலந்த கால்நடைத் தீவனம். கொலிஸ்டினை எதிர்த்து நிற்கும் மரபணு ஒன்று, ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியது, சீனப் பன்றிகளிடம் இருப்பது 2015இல் தெரியவந்தது. வேறெதுவும் பலிக்காதபோது மனிதருக்குக் கடைசியாகக் கொடுக்கும் மருந்து கொலிஸ்டின். உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கு அதைக் கொடுப்பதை 2019 ஜூலையில் இந்தியா தடை செய்தது. சரியான முடிவு. ஆனால் தீவனத்திலிருந்து மருந்தை எடுத்துவிட்டால் பன்றிக்குட்டியை எது காப்பாற்றும்?

தாயிடமே விட்டுவைத்தால் குட்டி மூன்று நான்கு மாதம் வரை மெல்ல மெல்லத்தான் பாலை மறக்கும். பண்ணையில் சில வாரங்களிலேயே பிரித்துவிடுகிறார்கள். பால் போய்த் தீவனம் வந்ததும் குடல் தடுமாறுகிறது, ஈ.கோலை பாக்டீரியா பெருகுகிறது, கழிச்சல் தொடங்குகிறது. இந்த இடத்துக்குத்தான் ஓமம், இஞ்சி, மிளகு, பட்டை எல்லாம் வந்து சேர்கின்றன. கிருமியைக் கொல்லும், பசியைத் தூண்டும் என்று சொல்லி மூலிகைச் சேர்மானங்களை விற்கிறார்கள். குடலின் அசைவை அவை என்ன செய்கின்றன என்று கேட்பவர்கள் குறைவு. எனக்கு அதுதான் முதல் கேள்வியாகப் படுகிறது.

பன்றியின் சிறுகுடலில் ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை வலுவான அலை ஒன்று மேலிருந்து கீழே இறங்கி, மிச்சம் மீதியைக் கூட்டித் தள்ளிவிடும். அந்த அலை தளர்ந்தால் உணவு தேங்கும். தேங்கிய இடத்தில் கிருமி குடியேறும். மிதமிஞ்சி ஓடினாலோ சத்து உடம்பில் ஒட்டாது. கழிச்சலுக்கு வைத்தியம் குடலை அடக்குவதுதான் என்றும் நினைத்துவிடக் கூடாது. ஈ.கோலையின் நஞ்சு முக்கியமாகக் குடற்சுவரிலிருந்து நீரை வெளியே இறைக்கிறது. அதனால் குட்டிக்கு முதலில் வேண்டியது இழந்த நீரும் உப்பும். மூலிகை அதற்கு அப்புறம்.

கராச்சி ஆகா கான் பல்கலைக்கழகத்தில் அன்வர் கிலானி குழுவினர் 2005இல் ஓம விதைச் சாற்றை முயல் குடலில் சோதித்தார்கள். தசைக்குள் கால்சியம் நுழைவதை அது தடுத்தது; குடல் தளர்ந்தது. இஞ்சியிலோ இரண்டும் கலந்திருந்தன: ஒரு கூறு குடலை இறுக்குகிறது, இன்னொன்று தளர்த்துகிறது. மிளகின் கதை இன்னும் சுவாரசியம். 2001இல் மைசூர் உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனமான சி.எஃப்.டி.ஆர்.ஐ.யின் ஆய்வில், மிளகின் காரச்சத்தான பைப்பரினைத் தீவனத்தில் கலந்து தின்ற எலிகளுக்கு உணவு குடலை விரைவாகக் கடந்தது. அதே ஆண்டு ஜம்மு ஆய்வுக்கூடத்தில் பைப்பரினை மருந்தாகக் கொடுத்தபோது எலிகளின் இரைப்பை காலியாவதும் தாமதமானது, குடலோட்டமும் மந்தப்பட்டது. இரண்டையும் நான் நம்புகிறேன். தீவனத்தோடு நாள்தோறும் சேர்வதும் ஒரே வேளை மருந்தாக இறங்குவதும் வெவ்வேறு. சரக்கின் பெயரை மட்டும் சொல்லி, அளவையும் கொடுக்கும் விதத்தையும் சொல்லாமல் விட்டால் அந்தத் தகவலால் பயனில்லை.

பன்றியிலேயே செய்த சோதனையும் உண்டு. பார்சிலோனாவில் மான்சனியா குழுவினர் 2004இல், சீக்கிரமே பால் மறக்கடித்த குட்டிகளுக்கு ஓரிகானோவின் கார்வக்ரால், பட்டையின் சின்னமால்டிஹைடு, மிளகாய்ச் சாறு கலந்த தீவனம் கொடுத்தார்கள். குட்டிகளின் இரைப்பையில் உணவு கூடுதலாகத் தங்கியிருந்தது. இது நல்லதாகவே இருக்கலாம்: இரைப்பை அமிலத்துக்குக் கிருமியைக் கொல்ல அவகாசம் கிடைக்கும். அளவு கூடினால் அதுவே குட்டியின் பசியை அடைத்துவிடலாம்.

மூலிகை குடலசைவை என்ன செய்கிறது என்று அளந்து பார்க்க ஹைதராபாத்தைவிடப் பொருத்தமான ஊர் எது? ராஜேந்திரநகரில் கால்நடை மருத்துவக் கல்லூரி, செங்கிச்செர்லாவில் ஐ.சி.ஏ.ஆரின் இறைச்சி ஆராய்ச்சி நிறுவனம், தார்நாகாவில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். மூலக்கூறுகளைப் பிரித்தெடுக்கத் தெரிந்த வேதியியலாளர்களுக்கும் பஞ்சமில்லை. அறுத்த பன்றியின் குடல் துண்டை உடல் வெப்பத்தில், ஆக்சிஜன் ஊட்டிய உப்புக் கரைசலில் தொங்கவிட்டால் அது மணிக்கணக்கில் சுருங்கி விரியும். ருடால்ஃப் மாக்னஸ் 1904இல் காட்டிய முறை இது, பெருஞ்செலவும் இல்லை.

அளவோடு சொன்ன மருந்துக்கு உதாரணம் ஏற்கெனவே உண்டு: தஞ்சாவூர்ப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி மாட்டு மடிநோய்க்கு வகுத்த மருந்தை தேசிய பால்வள வாரியம் நாடெங்கும் கொண்டு சென்றது. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். பால் மறந்த பன்றிக்குட்டிக்கு ஓமம் எத்தனை கிராம், எத்தனை நாள் என்று அதேபோல் ஒரு வரி பன்றி வளர்ப்பவர்கள் கைக்கு வந்து சேர வேண்டும்.