நிலத்தின் மடிப்பில் ஒரு கட்டடம்: ஜயன்ட்ஸ் காஸ்வே வருகையாளர் மையமும் வளங்குன்றா வடிவமைப்பும்

ஆய்வுச்சுருக்கம்

இயற்கை எழில் மிக்க இடங்களில் எழுப்பப்படும் வருகையாளர் மையங்களின் வளங்குன்றாத் தன்மை பெரும்பாலும் ஆற்றல் சிக்கனத்தைக் கொண்டே மதிப்பிடப்படுகிறது. கட்டடம் எங்கு நிற்கிறது, மக்கள் அதனை எவ்வாறு வந்தடைகின்றனர் என்னும் இரண்டும் அம்மதிப்பீட்டில் சம இடம் பெற வேண்டும் என்பதை வட அயர்லாந்தின் ஜயன்ட்ஸ் காஸ்வே மையத்தை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வருகையாளர் மையம், வளங்குன்றா வடிவமைப்பு, நிலத்தோற்றம், பசால்ட், உலகப் பாரம்பரியக் களம்

முன்னுரை

வட அயர்லாந்தின் ஆன்ட்ரிம் கடற்கரையில் ஏறத்தாழ 40,000 பசால்ட் தூண்கள் ஒன்றையொன்று நெருக்கி நிற்கின்றன. சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன் வெளிப்பட்ட எரிமலைக்குழம்பு குளிர்ந்து சுருங்கியபோது மேற்பரப்பில் விரிசல்கள் தோன்றின. குளிர்ச்சி உள்ளிறங்க உள்ளிறங்க அவ்விரிசல்களும் கீழ்நோக்கி நீண்டு, பாறையைப் பெரும்பாலும் அறுகோணத் தூண்களாகப் பிரித்தன. 1986இல் யுனெஸ்கோ இவ்விடத்தை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. அதே ஆண்டு திறக்கப்பட்ட வருகையாளர் மையம் 2000ஆம் ஆண்டில் தீக்கிரையாயிற்று. புதிய மையம் 2012 ஜூலையில்தான் திறக்கப்பட்டது. இடைப்பட்ட 12 ஆண்டுகளும் தற்காலிகக் கட்டடங்களிலேயே கழிந்தன. தனியார் ஒருவர் முன்வைத்த மாற்றுத் திட்டத்துக்கு 2007இல் அரசு இசைவளிக்க முற்பட்டதும், எதிர்ப்புகளுக்குப்பின் 2008இல் அது மறுக்கப்பட்டதும் இக்காலத்து நிகழ்வுகள். உலகப் பாரம்பரியக் களத்தின் வாயிலில் யார், எதைக் கட்டலாம் என்பது வெறும் கட்டடக்கலை வினா அன்று என்பதை இத்தாமதமே காட்டுகிறது.

இரண்டு மடிப்புகள்

2005இல் நடைபெற்ற பன்னாட்டு வடிவமைப்புப் போட்டியில் டப்ளின் நகரைச் சேர்ந்த ஹெனகன் பெங் நிறுவனம் தேர்வுபெற்றது. அதன் அடிப்படைக் கருத்து மிக எளிது. ஒரு துணியை இரண்டிடத்தில் கீறி, ஒரு பகுதியை மேலே தூக்கி, மற்றொன்றைக் கீழே அழுத்தினால் எப்படியிருக்குமோ அப்படி நிலத்தைக் கையாள்வது. மேலெழுந்த மடிப்பின் அடியில் மையம் அமைந்தது. தாழ்ந்த மடிப்பில் வாகன நிறுத்துமிடம் ஒடுங்கியது. இரண்டுக்கும் இடையே ஒரு சாய்தளப் பாதை கடலோர மேட்டை நோக்கிச் செல்கிறது. கூரை முழுவதும் புல்வெளி. வருகையாளர் அதன்மேல் நடந்து சென்று கடற்கரையை நோக்கலாம்.

இவ்வடிவமைப்பில் பெரிதும் பேசப்படுவது புற்கூரையே. ஆயினும் அதனினும் முதன்மையானது மையம் நிற்கும் இடம் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. மையம் பாறைமுகட்டின் மேல் நிற்கிறது. தூண்களோ ஏறத்தாழ 1 கிலோமீட்டர் தொலைவில், கீழே, கடலோரத்தில் உள்ளன. மையத்திலிருந்து கற்கள் தெரிவதில்லை. கற்களிடையே நிற்பவருக்கு மையமும் தெரிவதில்லை. சாளரத்தின் வழியே கற்களைக் காட்டும் ஆசையைக் கைவிட்டது எளிய முடிவன்று. உணவகத்தில் அமர்ந்தபடியே காட்சியை நுகரலாம் என்று விளம்பரம் செய்யும் வாய்ப்பு அதனால் இழக்கப்பட்டது. ஆனால் கடலோரத்தில் நிற்பவர் இன்றும் கல்லையும் அலையையும் மட்டுமே காண்கிறார்.

கல்லும் வெப்பமும்

மையத்தின் முகப்பு கருநிறப் பசால்ட் தூண்களால் ஆனது. அவற்றுக்கிடையே கண்ணாடி பொருத்தப்பட்டுள்ளது. கல் வெகுதொலைவிலிருந்து கொணரப்படவில்லை. அதே ஆன்ட்ரிம் பகுதியின் கில்வாட்டர் கற்சுரங்கத்தில் வெட்டப்பட்டது. ஆகவே முகப்பும் கடற்கரைத் தூண்களும் ஒரே எரிமலைச் செயற்பாட்டின் வழிவந்தவை. முகப்புத் தூண்கள் அறுகோண வடிவத்தைப் போலச்செய்யவில்லை என்பதும் கருதத்தக்கது. பொருளால் உறவு கொண்டு வடிவத்தால் விலகி நிற்கும் இத்தெளிவு, பாரம்பரியக் களங்களில் காணப்படும் போலிப்பாறைச் சுவர்களிடம் இல்லை.

கட்டடத்தை வெப்பப்படுத்த நிலத்தடி வெப்ப எக்கி பயன்படுகிறது. நிலத்தின் சில மீட்டர் ஆழத்தில் வெப்பநிலை பருவந்தோறும் பெரிதும் மாறுவதில்லை. குழாய்களில் சுற்றிவரும் நீர்மம் அவ்வெப்பத்தை ஏற்றுவர, எக்கி அதனை உயர்த்திக் கட்டடத்துக்கு அளிக்கிறது. இதற்கு மின்சாரம் தேவை. எனினும் செலவிடும் மின்னாற்றலைவிடப் பெறும் வெப்பம் மிகுதி. கட்டடங்களின் சூழல் தரத்தை அளவிடும் பிரீயம் முறையில் இம்மையம் 'மிகச் சிறப்பு' என்னும் நிலையை எட்டியது. 1.85 கோடி பவுண்டு செலவில் உருவான இக்கட்டடம் 2013இல் ஸ்டிர்லிங் பரிசின் இறுதிப் பட்டியலிலும் இடம்பெற்றது.

வருகை என்னும் சுமை

சிக்கல் இதன் பின்னரே தொடங்குகிறது. 2010களின் இறுதியில் ஆண்டுக்குச் சுமார் 10 இலட்சம் பேர் இங்கு வந்தனர். அவர்களில் பலர் மகிழுந்திலும் சுற்றுலாப் பேருந்திலும் வருபவர்கள். கட்டடம் சேமிக்கும் ஆற்றலைச் சாலையில் எரியும் எரிபொருளோடு சேர்த்து எண்ணாவிடில் கணக்கு முழுமை பெறாது. களத்தைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் இதனை உணராமலில்லை. அருகிலுள்ள புஷ்மில்ஸ் ஊரில் வாகனத்தை நிறுத்திவிட்டுப் பேருந்தில் வரும் ஏற்பாடும், பொதுப் போக்குவரத்தில் வருவோர்க்குக் கட்டணச் சலுகையும் நடைமுறைக்கு வந்தன. ஆற்றல் சேமிப்பில் எக்கிக்கு நிகரான இடம் இவ்வேற்பாட்டுக்கு உண்டு. ஆனால் வடிவமைப்பு பற்றிய எழுத்துகளில் இது ஓரிரு வரிகளில் கடந்துவிடப்படுகிறது.

கட்டணமும் ஒரு சிக்கலே. தூண்களைக் காணக் கட்டணம் இல்லை. கடற்கரைக்குச் செல்லும் பொதுவழி உரிமை மக்களுக்கு உண்டு. கட்டணம் மையத்துக்கும் வாகன நிறுத்தத்துக்கும் உரியது. மையமே நுழைவாயில் போலத் தோன்றுவதால் பணம் செலுத்தாமல் கற்களைக் காண இயலாது என்று பலர் கருதிவிடுகின்றனர். நிலத்தோடு இத்துணை இயைந்து கலந்த கட்டடம், தன்னைச் சுற்றிச் செல்லும் இலவச வழியைத் தெளிவாகச் சுட்டுவதில் பின்தங்கியதாகவே கொள்ள வேண்டியுள்ளது.

கற்களுக்கு நேரும் கேடு மையத்தின் கண்ணில் படாத இடத்தில்தான் நிகழ்கிறது. தூண்களின் இடுக்குகளில் வருகையாளர்கள் நினைவாக நாணயங்களைச் செருகிச் செல்கின்றனர். கடற்காற்றில் அவை துருப்பிடித்துப் பருத்து, பாறையின் விளிம்புகளைப் பெயர்க்கின்றன. உலோகக் கறை கல்லின் மேல் வழிகிறது. 2025இல் நேஷனல் டிரஸ்ட் இப்பழக்கத்தைக் கைவிடுமாறு பொதுமக்களை வேண்டியது. செருகப்பட்ட நாணயங்களைக் கல் பராமரிப்பு வல்லுநர்கள் ஒவ்வொன்றாகப் பெயர்த்தெடுக்க வேண்டியதாயிற்று.