விறகு வெப்பம்: ஊர் கூடி விடை காண வேண்டிய நான்கு வினாக்கள்

ஹைதராபாத் நகரில், பேகம்பேட் விமான நிலையத்தை ஒட்டி, இந்திய வானிலை ஆய்வுத் துறையின் நிலையம் ஒன்று இயங்கி வருகிறது. அங்கிருந்து விடியற்காலையில் ஒரு பலூன் வானில் விடப்படுகிறது. அதனுடன் செல்லும் ரேடியோசோண்டு என்னும் சிறு கருவி, உயரம் கூடக் கூடக் காற்றின் வெப்பநிலை, அழுத்தம், ஈரப்பதம் ஆகியவற்றை அளந்து, வானொலி அலைகளின் வாயிலாகத் தரைக்கு அறிவிக்கிறது. இவ்விவரங்கள் விமானிகளுக்கும் மழையை முன்னறிவிப்போருக்கும் மட்டுமே பயன்படுவன என்று எண்ணிவிடலாகாது. சுற்றுப்புறத்து ஊர்களில் மூட்டப்படும் அடுப்புகளின் புகை அன்று காலை மேலே சென்று கலையுமா, தெருவிலேயே தங்கிவிடுமா என்பதை அறியவும் அவை உதவுகின்றன.

விறகு, புதுப்பிக்கத்தக்க எரிபொருள் என்று இக்காலத்தில் சிறப்பித்துக் கூறப்படுகிறது. நிலக்கரி உருவாகக் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆயின; வெட்டிய சவுக்கின் இடத்தில் நட்ட கன்றோ சில ஆண்டுகளில் விறகாகிவிடுகிறது. எரியும்போது வெளிப்படும் கரியமில வாயுவை வளரும் மரம் திரும்பவும் ஈர்த்துக்கொள்கிறது. சுவீடன் நாட்டின் வேக்ஷோ நகரம் 1980-ஆம் ஆண்டிலேயே மரக்கழிவுகளை ஒரே பெரிய கொதிகலனில் எரித்து, வெந்நீரைக் குழாய்களின் மூலம் வீடுகளுக்கு அனுப்பி வெப்பமூட்டத் தொடங்கியது. ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியத் தீவிலுள்ள லான்செஸ்டன் நகரமோ இதற்கு எதிரான வழியை மேற்கொண்டது. பள்ளத்தாக்கில் அமைந்த அந்நகரில் மூன்றில் இரண்டு பங்கு வீடுகள் விறகுக் கணப்புகளை வைத்திருந்தன. 2001-ஆம் ஆண்டு முதல் அவற்றை மாற்றும் முயற்சி நடைபெற்று, அப்பங்கு மூன்றில் ஒன்றுக்கும் கீழே வந்தது. குளிர்காலக் காற்றிலிருந்த நுண்துகள்களின் அளவு 39 விழுக்காடு குறைந்தது.

ஒரே எரிபொருளைக் குறித்து இரு நகரங்கள் இருவேறு முடிவுகளைச் செய்தன. இரண்டும் அவ்வவ்விடத்திற்குப் பொருந்தியவையே. ஆகவே, விறகு நல்லதா தீயதா என்று பொதுப்படக் கேட்பதால் பயன் விளையாது. குளிரைப் போக்க வெப்பம் தேடும் நாடுகளைப் போலன்றி, நம் நாட்டின் பெரும்பகுதியில் வெப்பம் வேண்டப்படுவது சமைப்பதற்கும் வெந்நீருக்குமே. அதற்கு விறகை மேற்கொள்வதா, விடுவதா என்று ஓர் ஊர் ஆராயும்போது நான்கு வினாக்களுக்கு விடை காண வேண்டும்.

வெப்பத்தில் எவ்வளவு பாத்திரத்தைச் சேருகிறது?

நன்கு காய்ந்த ஒரு கிலோ விறகு ஏறத்தாழ 3,500 கிலோ கலோரி வெப்பம் தரும். பத்து லிட்டர் நீரை 25 பாகையிலிருந்து 100 பாகைக்குக் கொண்டுவர வேண்டிய வெப்பமோ 750 கிலோ கலோரியே. கணக்கின்படி கால் கிலோவுக்கும் குறைந்த விறகு போதுமானது. ஆயினும் மூன்று கல் அடுப்பில் வெப்பத்தின் பத்தில் ஒரு பங்கே பாத்திரத்தைச் சேருகிறது. எஞ்சியது காற்றோடு போய்விடுகிறது. எனவே, அதே நீரைக் கொதிக்க வைக்க இரண்டு கிலோவுக்கு மேல் விறகு செலவாகும். விறகு அடுப்புகளுக்கான இந்தியத் தர நிர்ணயம், இயற்கைக் காற்றோட்டத்தில் இயங்கும் அடுப்பு குறைந்தது 25 விழுக்காடு வெப்பத்தையேனும் பயன்படுத்த வேண்டும் என்று கூறுகிறது. அத்தகைய அடுப்பில் அந்த நீருக்கு ஒரு கிலோவுக்கும் குறைந்த விறகே போதும்.

விறகின் ஈரமும் கருதத்தக்கது. எடையில் பாதி நீராக உள்ள பச்சை விறகு, அந்நீரை ஆவியாக்குவதற்கே தன் வெப்பத்தில் ஒரு பகுதியை இழக்கிறது. கிலோவுக்கு ஏறத்தாழ 2,000 கிலோ கலோரியே அதனிடமிருந்து கிடைக்கும், புகையோ மிகுதி. பிளந்து, மழை படாத இடத்தில் காற்றுப் புகும்படி அடுக்கி, சில மாதங்கள் உலர்த்தினால் இவ்விழப்பைத் தவிர்க்கலாம். புதிதாக வெட்டிய ஒரு விறகுத் துண்டை மாணவர்கள் வாரந்தோறும் நிறுத்து, எடை குறைவதைப் பலகையில் எழுதி வருவது பள்ளிக்கு எளிய பாடமாகும். எடை குறையாமல் நிலைபெறும் நாளில் விறகு அடுப்புக்குத் தகுதியாகிவிட்டது எனக் கொள்ளலாம்.

வெட்டும் வேகத்திற்கு மரம் வளருமா?

வளரும் அளவுக்கு மேற்படாமல் வெட்டப்படும் வரையில்தான் விறகு புதுப்பிக்கத்தக்க எரிபொருளாகும். எடுத்துக்காட்டாக, 200 வீடுகள் கொண்ட ஓர் ஊரில் வீட்டுக்கு நாளொன்றுக்கு 5 கிலோ விறகு எரிவதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு ஒரு டன்னும், ஆண்டுக்கு 365 டன்னும் தேவைப்படும். ஊரின் விறகுத் தோப்பு ஹெக்டேருக்கு ஆண்டுதோறும் 5 டன் காய்ந்த விறகு தருமாயின், 73 ஹெக்டேர் தோப்பு வேண்டும். சிறந்த அடுப்புகளால் செலவு பாதியானால் 37 ஹெக்டேர் போதும். இவ்வெண்கள் கணக்கின் வழியைக் காட்டுவதற்கு மட்டுமே. ஒவ்வோர் ஊரும் தன் எண்களைத் தானே அளந்து கண்டறிதல் வேண்டும். மாலையில் ஒரு வீட்டின் விறகுக் கட்டை நிறுத்து வைத்து, மறுநாள் அதே வேளையில் மிச்சத்தை நிறுத்தால் ஒரு நாள் செலவு தெரிந்துவிடும். ஒரு வாரம் தொடர்ந்தால் நம்பத்தக்க சராசரி கிடைக்கும்.

தெலங்கானாவில் பருத்திமாரும் கடலைத் தொலியும், தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களில் சீமைக்கருவேலும் எரிபொருளாகப் பயன்படுகின்றன. இவற்றைக் கழிவு என்று கருதித் திட்டமிடுவோர், அதே பொருளை வேறு யார் பயன்படுத்துகிறார்கள் என்பதையும் விசாரித்தல் வேண்டும். நிலமற்ற ஏழைக் குடும்பத்தின் இலவச விறகு, ஒரு சூளையோ கொதிகலனோ வந்ததும் விலைப்பொருளாகிவிடக் கூடும்.

புகை எங்கே செல்கிறது?

சாதாரணமாக உயரே செல்லச் செல்லக் காற்று குளிர்ந்துகொண்டே போகும். சூடான புகை அதனூடே எளிதில் எழும்பிப் பரவிக் கலைந்துவிடும். மேகமற்ற குளிர்கால இரவுகளிலோ நிலம் தன் வெப்பத்தை விரைவில் இழக்கிறது. அதைத் தொட்டுள்ள காற்றும் குளிர்கிறது. விடியற்காலையில் கீழே குளிர்ந்த காற்றும் அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்றும் நிற்கின்றன. இத்தலைகீழ் அடுக்கு ஒரு மூடியைப் போலப் புகையை அடக்கிவிடுகிறது. பேகம்பேட்டிலிருந்து பலூன் கிளம்பும் அந்த விடியற்காலமே வீடுகளில் அடுப்பு மூட்டும் வேளையுமாகும். பலூன் அனுப்பும் எண்களில், தரையை ஒட்டிய சில நூறு மீட்டருக்குள் வெப்பநிலை குறைவதற்கு மாறாகக் கூடிக்கொண்டு போனால், அன்று காலைப் புகை எளிதில் கலையாது என்று அறியலாம். வெயில் ஏறி நிலம் சூடானபின்பே அம்மூடி விலகும். பலூன் இல்லாத ஊரில், வைகறையில் எழும் புகை சிறிது உயரம் சென்று கிடையாகப் படர்வதைக் கண்ணாலேயே காணலாம்.

இது வெறும் தோற்றக் குறைபாடு அன்று. விறகுப் புகையிலுள்ள நுண்துகள்களிற் பெரும்பாலானவை 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறியவை. தலைமயிரின் பருமனில் இருபதில் ஒரு பங்குகூட இல்லாதவை. அவை நுரையீரலின் ஆழம் வரை சென்று தங்குகின்றன. ஒரு நாளைய சராசரி கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் அறிவுறுத்தியது. திறந்த அடுப்பு எரியும் சமையலறைகளில் அது பல நூறாக இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. வீட்டினுள் எழும் புகையால் 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் 32 லட்சம் பேர் இறந்தனர் என்பது அந்நிறுவனத்தின் மதிப்பீடு.

புகைபோக்கி சமையலறையைக் காக்கிறது, தெருவைக் காப்பதில்லை. வீடுகள் நெருங்கி, கூரைகள் தாழ்ந்திருக்கும் ஊரில், ஒரு வீடு வெளியேற்றிய புகை அடுத்த வீட்டின் சன்னலில் நுழையும். ஆகவே அடுப்பு முதலில் குறைந்த புகையோடு எரிய வேண்டும்; புகைபோக்கி அதற்குத் துணையாக அமைதல் வேண்டும்.

அடுப்பைப் பேணுபவர் யார்?

இவ்வினாவுக்கு ஹைதராபாத் நகரின் வரலாறே தக்க பாடம் தருகிறது. 1947-இல் வார்தாவின் மகன்வாடியில் மகன் சூலா என்னும் அடுப்பு உருவாக்கப்பட்டது. அதன்பின் ஹைதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தில் டாக்டர் எஸ். பி. ராஜு, மண்ணால் கட்டக்கூடிய புகையில்லா அடுப்பு ஒன்றை வகுத்தார். ஒரே தீயில் பல பாத்திரங்கள் வைப்பதற்கான வரிசைக் கண்களும், புகைபோக்கியும், காற்றோட்டத்தைக் கட்டுப்படுத்தும் தகடும் அதில் அமைந்திருந்தன. கோடிக்கணக்கான மக்களுக்குப் புகையற்ற சமையலறை என்னும் கருத்தை விளக்கும் அவருடைய ஆங்கில நூல் 1953-இல் சென்னையில் வெளியாயிற்று. புகை, கரி, வெக்கை, வீண்செலவு, தீவிபத்து என்னும் ஐந்திலிருந்தும் இல்லத்துப் பெண்களை விடுவிப்பதே அவருடைய நோக்கம்.

நோக்கம் உயர்ந்ததே, அடுப்பின் அமைப்பும் அறிவுக்கு ஒத்ததே. ஆயினும் கட்டித் தந்த அடுப்பு கட்டியபடியே நிலைத்திருப்பதில்லை. புகைபோக்கியில் கரி படிகிறது, மண் வெடிக்கிறது, பாத்திரம் மாறினால் அடுப்புக்கண் பொருந்தாமல் போகிறது. 1983-இல் தொடங்கி 2002 வரை நடைபெற்ற தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டத்தின்கீழ் நாடெங்கும் மூன்று கோடிக்கு மேற்பட்ட அடுப்புகள் அமைக்கப்பட்டன. அவற்றிற் பல, சில ஆண்டுகளுக்குள் கைவிடப்பட்டன. பிற்காலத்தில் ஒடிசாவின் 44 கிராமங்களில் ஏறத்தாழ 2,600 குடும்பங்களை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வும் இதனையே உறுதி செய்தது. முதல் ஆண்டில் பெண்கள் சுவாசித்த புகை குறைந்தது. பின்னர் அப்பயன் மறைந்தது. பழுது பார்ப்பதும் கரியை நீக்குவதும் நின்றுபோயின. பலர் பழைய அடுப்புக்கே திரும்பினர்.

இதற்கு மாறான முயற்சி ஒன்று 1980-ஆம் ஆண்டு வாக்கில் ஹரியானாவின் நாடா கிராமத்தில் நடைபெற்றது. மது சரீன் என்னும் பெண்மணி, அவ்வூர்ப் பெண்களுடனே கலந்து அடுப்பின் வடிவத்தைத் திருத்தி, அவர்களையே அடுப்புக் கட்டுநராகப் பயிற்றுவித்தார். பாத்திரத்தின் அளவையும் ரொட்டி சுடும் முறையையும் அறிந்தவர்களே அடுப்பைக் கட்டினர். பழுதானால் அழைக்க வேண்டியவரும் அடுத்த தெருவிலேயே இருந்தார்.

கிராம சபையில் செய்யத்தக்கவை

களப்பணியாளர் எந்த முடிவையும் முன்கூட்டியே கொண்டு செல்லலாகாது. அளந்த எண்களை ஊரார் முன் வைப்பதே அவருடைய கடமையாகும். முதலில், விறகு சேகரிப்பவரும் சமைப்பவருமாகிய பெண்களைத் தனியே கூட்டி, நாளொன்றில் விறகுக்காகச் செலவாகும் நேரம், கண்ணெரிச்சல், இருமல், குழந்தைகள் அடுப்பருகே இருக்கும் வேளை ஆகியவற்றைக் கேட்டறிதல் வேண்டும். பொதுச் சபையில் அவர்கள் பேசத் தயங்கக்கூடும். ஆதலின், அவர்களுடைய கருத்தை அவர்களே தேர்ந்த ஒருவர் முதற்கண் எடுத்துரைக்க ஏற்பாடு செய்தல் நன்று.

அடுத்து, விறகின் செலவையும் தோப்பின் விளைவையும் மாணவர்களும் வனப் பாதுகாப்புக் குழுவினரும் கணக்கிட்டுக் கூறலாம். பின்னர், விறகை விடுத்த வழிகளும் ஆராயப்பட வேண்டும். 2016-இல் தொடங்கிய உஜ்வலா திட்டம் கோடிக்கணக்கான ஏழை வீடுகளுக்குச் சமையல் எரிவாயு இணைப்பைத் தந்துள்ளது. எனினும் மறு உருளை வாங்கும் செலவை அஞ்சி, எரிவாயுவையும் விறகையும் கலந்து பயன்படுத்தும் வீடுகள் பல. அத்தகைய வீட்டுக்கு மேலும் ஒரு விறகு அடுப்பு தேவையா, உருளையின் செலவைத் தாங்க உதவி தேவையா என்பதை அவ்வீட்டாரே கூற வேண்டும்.

விறகு அடுப்பே தக்கது என்று சபை முடிவு செய்யுமாயின், அன்றே மூன்று செய்திகள் தீர்மானத்தில் எழுதப்பட வேண்டும்: விறகை உலர்த்தும் கொட்டகை எங்கே அமையும், புகைபோக்கியைத் திங்கள்தோறும் துப்புரவு செய்பவர் யார், உடைந்த பகுதியைப் புதுப்பிக்கப் பணம் எங்கிருந்து வரும் என்பன அவை. இம்மூன்றுக்கும் விடையில்லாத ஊரில் அடுப்புகளை வழங்குவதைத் தள்ளி வைப்பதே முறை.

முதலில் பத்து வீடுகளில் மட்டும் ஓர் ஆண்டுக்கு அமைத்துப் பார்த்தல் விவேகமாகும். மழைக்காலத்து ஈர விறகும், பனிக்காலத்துத் தாழ்ந்த புகையும், கோடையின் வெக்கையும் அவ்வோர் ஆண்டில் அடங்கிவிடும். ஆண்டு முடிவில் பழைய அடுப்புக்குத் திரும்பிய வீடுகளைக் குறை கூறாமல், திரும்பியதன் காரணத்தை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். எஞ்சிய வீடுகளைக் குறித்து ஊர் முடிவு செய்வதற்கு அக்குறிப்பேடே தக்க ஆதாரமாகும்.