காலாவதி நாள் கடந்த உணவை நோயாளி உண்ணலாமா?

"நேற்றுத்தானே தேதி முடிந்தது, வாடை ஒன்றும் இல்லையே" என்று பாக்கெட் தயிரையோ பன்னீரையோ பரிமாறும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. நலமுடையோருக்கு அது பெரும்பாலும் தீங்கின்றிக் கழியலாம். கீமோதெரபி பெறுவோர், சிறுநீரக மாற்று செய்துகொண்டோர், கருவுற்றோர், முதியோர் ஆகியோருக்கு அவ்வாறன்று.

உறையில் 'காலாவதி நாள்' என்றிருப்பின், அதற்குப்பின் உண்ணலாகாது. 'இந்நாளுக்கு முன் சிறந்தது' என்பது சுவையும் தரமும் குறையத் தொடங்குவதையே சுட்டும். பிஸ்கட் மொறுமொறுப்பு இழப்பதால் எவருக்கும் நோய் வருவதில்லை.

முகர்ந்து பார்ப்பது சோதனையாகாது. லிஸ்டீரியா என்னும் நுண்ணுயிர், குளிர்சாதனப் பெட்டியின் 4 டிகிரி செல்சியஸ் குளிரிலும் மெல்லப் பெருகும். அதனால் உணவின் மணமோ நிறமோ மாறவேண்டுமென்பதில்லை. கொதிக்கவைத்தால் போதும் என்பதும் முழு உண்மையன்று. ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி உணவில் உண்டாக்கும் நச்சு, கொதிநிலையையும் தாங்கவல்லது.

அச்சிட்ட நாள், முறையாகக் குளிரில் வைக்கப்பட்ட, பிரிக்கப்படாத உறைக்கே பொருந்தும். மின்தடையில் பல மணிநேரம் குளிர் நீங்கிக் கிடந்த பாலுக்கு அந்நாள் காப்பாகாது. ஆகவே நோயாளிக்கெனச் சிறிய பாக்கெட்டுகளாக வாங்குங்கள். பிரித்த நாளை உறைமேல் எழுதிவையுங்கள்.

கீமோதெரபி பெறுபவர் அத்தகைய உணவைத் தவறுதலாக உண்டபின் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், விடியும்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.