பந்தலும் பதிவேடும்

கதிர்காமத்தில் ஒரு திருமண அழைப்பிதழ் வந்து, அதில் மணமகன் பெயருக்குக் கீழே 'பாரிஸ்' என்று அச்சிட்டிருந்தால், எங்கள் தெருவில் யாரும் வியப்பதில்லை. புதுச்சேரிக்கு இது புதிதன்று. பந்தி முடிந்து தாம்பூலம் போடும் நேரத்தில் மட்டும் ஒரு கேள்வி தவறாமல் எழும். "பெண் எப்போது புறப்படுகிறாள்?" என்பார்கள். "எல்லாம் ஒரு மாதத்தில் ஆகிவிடும்" என்று பெண் வீட்டார் விடை சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். எனக்கும் என் அண்ணன் மகள் திருமணம் வரையில் தெரியாமல்தான் இருந்தது. பட்டுத் தெரிந்துகொண்டவற்றை இங்கே சொல்கிறேன்.

நம் ஊர்ப் பிள்ளை பிரெஞ்சுக் குடிமகன் ஆனது எப்படி என்பதை முதலில் பார்ப்போம். 1954 நவம்பர் முதல் தேதி புதுவையின் ஆட்சிப் பொறுப்பு இந்தியாவிடம் வந்தது. ஆட்சியுரிமையை முறையாக மாற்றித் தரும் உடன்படிக்கை 1956 மே 28-இல் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்டு 16-இல் நடைமுறைக்கு வந்தது. அந்நாள் முதல் இங்கே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியக் குடிமக்கள் ஆயினர். ஆனால் பிரெஞ்சுக் குடியுரிமையையே வைத்துக்கொள்ள விரும்புவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று அவ்வுடன்படிக்கை இடமளித்தது. அவ்வாறு எழுதிக் கொடுத்தவர்கள் சுமார் 5,000 பேர். அப்போது இந்தியாவுக்கு வெளியே குடியிருந்த புதுவையினருக்கோ, அவர்கள் வேறு விதமாகக் கேட்டாலன்றி, பிரெஞ்சுக் குடியுரிமையே நிலைத்தது. ஒரே தாய் வயிற்றில் பிறந்த அண்ணன் பிரெஞ்சுக்காரராகவும் தம்பி இந்தியராகவும் இருக்கும் வீடுகள் இன்றும் இங்கே உண்டு. நாங்கள் 'சொல்தா' என்று அழைக்கும் ஓய்வு பெற்ற பிரெஞ்சுப் படைவீரர்களின் பேரன்மார்தாம் இன்று மாப்பிள்ளைகளாக வருகிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கதிர்காமத்திலேயே பிறந்து, வளர்ந்து, இங்கேயே வாழ்கிற ஒரு பிரெஞ்சுக் குடிமகன், பிரெஞ்சுச் சட்டத்தின் கண்ணுக்கு 'வெளிநாட்டில் வாழ்பவன்'. அவன் தன் தெருப் பெண்ணைத் தன் தெருவிலேயே மணந்தாலும், அது அயல்நாட்டில் அயல்நாட்டுப் பெண்ணுடன் நடந்த திருமணமே ஆகும். பாரிசிலிருந்து விடுப்பில் வந்து மணப்பவனுக்கும் அதே விதி.

அந்தச் சட்டத்தின்படி மணவினை தாலி கட்டும்போது தொடங்குவதில்லை. அதற்கு முன்னரே தொடங்கிவிடுகிறது. 2006-ஆம் ஆண்டில் பிரான்சில் இயற்றிய ஒரு சட்டம், வெளிநாட்டில் மணம் செய்துகொள்ளும் பிரெஞ்சுக் குடிமக்கள் முன்கூட்டியே தூதரகத்திடம் திருமணத் தகுதிச் சான்றிதழ் பெற வேண்டும் என்று கூறுகிறது. நமக்கு அந்த இடம் கடற்கரையை அடுத்த மரீன் தெருவிலுள்ள பிரெஞ்சுத் துணைத் தூதரகம். இருவரின் பிறப்புச் சான்றுகளும் பிற தாள்களும் கொடுத்தபின், இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நடக்கவிருக்கிறது என்ற அறிவிப்பைப் பத்து நாள் வெளியிட்டு வைப்பார்கள். தடை சொல்ல விரும்புவோர் சொல்லலாம். மாதா கோவிலில் ஓலை வாசிப்பதைக் கண்டவர்களுக்கு இம்முறை எளிதில் விளங்கும்.

தேவை என்று கருதினால் மணமக்களை அழைத்து நேரில் விசாரிப்பதும் உண்டு. நம்மவர்களுக்கு இதுதான் விளங்குவதில்லை. எப்படிப் பழகினீர்கள், அவர் என்ன வேலை பார்க்கிறார், எங்கே குடியிருக்கப் போகிறீர்கள் என்று கேட்பார்கள். பெண் பார்க்க வந்த அன்று கூடத்தில் பத்து நிமிடம் பேசியதோடு சரி என்றிருக்கிற பெண் இதற்கு என்ன சொல்வாள்? பெரியவர்கள் உடனே விடைகளை எழுதிக் கொடுத்து நெட்டுருப் பண்ணச் சொல்கிறார்கள். அது பெருந்தவறு என்பது என் கருத்து. இருவரும் தம் மனம் ஒப்பி மணக்கிறார்களா, வெறும் தாளுக்காக நடக்கும் திருமணமா என்பதே அங்கே அறிய வேண்டியது. பெரியோர் பார்த்து முடித்த திருமணம் என்று உள்ளதை உள்ளபடி சொல்வதில் குற்றமொன்றும் இல்லை. ஒப்பித்த விடைதான் ஐயத்தைக் கிளப்பும்.

எங்கள் வீட்டில் நடந்தது இது. என் தமையனார் மறைந்த பிறகு அவர் மகளுக்கு நானே முன்னின்று மணம் பேசினேன். கார்த்திகையில் நிச்சயதார்த்தம், தையில் முகூர்த்தம். மாப்பிள்ளைக்கு மூன்று வார விடுப்பு. சோதிடரைப் பார்த்தேன், மண்டபம் பார்த்தேன், சமையற்காரருக்கு முன்பணம் கொடுத்தேன். மரீன் தெருப் பக்கம் மட்டும் போகவில்லை. திருமணம் ஆனபின் பதிந்துகொள்ளலாம் என்று யாரோ சொன்னதை நம்பிவிட்டேன்.

சான்றிதழ் இல்லாமல் நடந்த திருமணம் செல்லாது என்பதில்லை. ஆனால் அதைப் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்றுவதற்கு முன், விட்டுப்போன அறிவிப்பும் விசாரணையும் நடந்தேற வேண்டும். மாப்பிள்ளை அதற்குள் பிரான்சு திரும்பிவிட்டபடியால் அவரை அங்கேயும் பெண்ணை இங்கேயும் தனித்தனியே விசாரித்தார்கள். ஐயம் ஏதேனும் எழுந்தால் கோப்பு பிரான்சிலுள்ள நாந்த் நகரத்து அரசு வழக்கறிஞரிடம் போகும். முடிவு சொல்ல அவருக்கு ஆறு மாதம் வரை சட்டம் இடந்தருகிறது. நல்லவேளையாக எங்கள் கோப்பு அங்கே போகவில்லை. போகாமலே மாதங்கள் ஓடின. ஆடி பிறந்ததும் புதுப்பெண்ணைப் புகுந்த வீட்டிலிருந்து அழைத்து வருவது நம் வழக்கம். எங்கள் பெண்ணோ போகவே இல்லை; எங்கிருந்து அழைப்பது? தெருவில் ஒன்றிரண்டு பேர் வேறு விதமாகவும் பேசத் தொடங்கினர். தலைதீபாவளிக்கு மாப்பிள்ளை தொலைபேசித் திரையில்தான் வந்தார். அண்ணியார் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

கால தாமதத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது, அது பெயர். பிரெஞ்சுக்காரருக்குக் குடும்பப் பெயர் ஒன்று, இட்ட பெயர் ஒன்று. நமக்கோ தந்தை பெயரின் முதலெழுத்து ஒன்றே போதும். 1881 செப்டம்பர் 21-ஆம் நாள் வந்த ஆணைப்படி, தம் பழைய சமூக வழக்கங்களைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றவர்கள் குடும்பப் பெயர் ஒன்றைச் சூட்டிக்கொண்டனர். ரெனோன்சான் எனப்படும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கு இத்தொல்லை குறைவு. (இந்து திருமணச் சட்டம் தங்களைக் கட்டுப்படுத்தாது என்பதை அவர்கள் நினைவில் கொள்ள வேண்டும், அச்சட்டத்திலேயே அவர்களுக்கு விலக்கு எழுதியிருக்கிறது.) எங்கள் பெண்ணுக்கோ பிறப்புப் பதிவில் வெறும் பெயர்; பள்ளிச் சான்றிதழில் முதலெழுத்துடன் பெயர்; பாஸ்போர்ட்டில் தந்தையின் முழுப்பெயர் குடும்பப் பெயராக விரிந்து நின்றது. மூன்றும் ஒருத்தியே என்று நோட்டரியிடம் சத்தியக் கடிதம் வாங்கினேன். அதைவிட, மூலப் பதிவேட்டிலேயே திருத்தம் செய்துகொள்வதுதான் நல்லது என்று பின்னர் உணர்ந்தேன். வேரில் உள்ள பிழை ஒவ்வொரு கிளையிலும் காய்க்கிறது.

இந்தியப் பதிவாளரிடம் பெற்ற திருமணச் சான்று, பிரெஞ்சு மொழிபெயர்ப்பு, கேட்ட இடத்தில் அப்போஸ்டில் முத்திரை ஆகியவை சேர்ந்து, திருமணம் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏறிய பிறகு, விசா வேலை எளிது. பிரான்சு அரசின் இணையத்தளத்தில் விண்ணப்பத்தை நிரப்பி, குறித்த நாளில் நேரில் சென்று தாள்களும் கைரேகையும் தர வேண்டும். பிரெஞ்சுக் குடிமகனின் மனைவிக்கோ, குடிமகளின் கணவனுக்கோ வழங்கும் இந்த நீண்டகாலத் தங்கல் விசாவுக்குக் கட்டணம் இல்லை. தாள்களை வாங்கும் நிலையத்தின் சேவைக் கட்டணம் வேறு. ஏமாற்று, திருமணம் இரத்தாதல், பொது ஒழுங்குக்கு ஆபத்து என்ற காரணங்களுக்காக மட்டுமே இதை மறுக்கலாம் என்று பிரெஞ்சுச் சட்டம் வரையறுத்துள்ளது. இதை அறியாத குடும்பங்கள், 'உள்ளே ஆள் இருக்கிறது' என்று சொல்லும் தரகர்களிடம் நகையை அடகு வைத்துப் பணம் கொடுக்கின்றன. கட்டணமே இல்லாத ஒன்றுக்கு எதற்குத் தரகு?

விசா கையில் வந்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணிவிடலாகாது. பிரான்சில் இறங்கிய மூன்று மாதத்துக்குள் அதை இணையத்தில் உறுதி செய்து, அதற்குரிய வரியைச் செலுத்த வேண்டும். பின்னர் குடியேற்ற அலுவலகம் அழைத்து, மொழி அறிவைச் சோதித்து, வகுப்புகளுக்கு அனுப்பும். காத்திருக்கும் மாதங்களில் பிரெஞ்சு கற்பது மிகவும் பயன்தரும். 1889-இல் தொடங்கிய அலியான்சு பிரான்சேசு நம் ஊரிலேயே இருக்கிறதே. எங்கள் பெண்ணும் அங்கேதான் படித்தாள். தெருப்பேச்சைக் கேட்காதிருக்க அதுவும் ஒரு வழியாயிற்று. மணந்த உடனே பிரெஞ்சுக் குடியுரிமை வந்துவிடும் என்று நினைப்பவர்களும் உண்டு. திருமணமாகி நான்கு ஆண்டு சேர்ந்து வாழ்ந்த பிறகே அதைக் கோரலாம். சில நிலைமைகளில் ஐந்தாண்டு. அதற்கும் மொழித் தேர்ச்சி வேண்டும்.

கார்த்திகைத் தீபத்துக்கு இரண்டு நாள் முன்பு விசா ஒட்டிய பாஸ்போர்ட் வந்தது. சென்னை வரை நானே சென்று விமானம் ஏற்றிவிட்டேன். இரண்டு மாதம் கழித்து, தனக்கு வந்த முதல் அரசாங்கக் கடிதத்தின் உறையைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். அந்நாட்டு அலுவலகங்கள் பெண்ணின் பிறப்புப் பெயரையே முதன்மையாகக் கொள்கின்றன. அதனால் உறையின் மேல் 'மதாம்' என்ற சொல்லை அடுத்து என் தமையனாரின் பெயர் இருந்தது. அவர் புதுச்சேரியை விட்டு வெளியே போனது, எனக்குத் தெரிந்து, திருப்பதிக்கு ஒரு முறைதான்.