கம்சாளைக்காரருக்கு ஒரு படம்

மைசூர் விஜயநகர் முதல் ஸ்டேஜில் உள்ள யோக நரசிம்ம சுவாமி கோயிலை நம்மவர்கள் பலரும் அறிவார்கள். ஆங்கிலப் புத்தாண்டன்று லட்டுப் பிரசாதத்துக்காக அங்கே நிற்கும் கூட்டம் பிரசித்தம். அந்தப் பக்கத்துத் தெருக்களில் சில நாட்கள் காலையில் ‘கலீர் கலீர்’ என்று வெண்கல ஓசை கேட்கும். எட்டிப் பார்த்தால் வாசலில் கம்சாளைக்காரர் நிற்பார். மாடியிலிருந்தபடியே செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறவர்கள்தான் இப்போது அதிகம்.

கம்சாளை என்பது ஒரு ஜோடி வெண்கலத் தாளம். ஒன்று கிண்ணம் போலக் குழிந்து உள்ளங்கையில் அடங்கும். மற்றது தட்டையானது, அதில் கயிறும் குஞ்சமும் தொங்கும். மாதேஸ்வரன் மலைச் சுவாமிக்குத் தீட்சை பெற்ற ‘தேவரகுட்டர்’கள் இதைத் தட்டிக்கொண்டு சுவாமியின் கதையைப் பாடுவார்கள். வீடு வீடாகச் சென்று தானம் வாங்குவது அவர்கள் ஏற்ற விரதத்தில் ஒரு பகுதி. மலை இருந்த கொள்ளேகால் தாலுகா 1956 வரை நமது கோவை மாவட்டத்தைச் சேர்ந்தது என்பது இளைய தலைமுறைக்குத் தெரியாதிருக்கலாம். ஈரோடு, சேலம் பக்கத்து ஜனங்கள் இன்றும் அந்த மலைக்குப் போய்வருகிறார்கள்.

கொள்ளேகால் பக்கத்துப் பெரியவர் ஒருவர் எங்கள் தெருவுக்கு வருவார். வயது அறுபதுக்கு மேல். காமிராவைக் கண்டதும் தாளத்தை நிறுத்திவிட்டார். “போலீசுக்கா சாமி?” என்று தமிழிலேயே கேட்டார்.

அந்தப் பயம் காரணமில்லாதது அல்ல. பாடியும் ஆடியும் காசு கேட்பதைக்கூடப் பிச்சை என்றுதான் 1959-ஆம் வருடத்துப் பம்பாய்ச் சட்டம் வரையறுத்தது. தில்லியிலும் அமலில் இருந்த அச்சட்டத்தின் பல பிரிவுகளை 2018-ல் தில்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. கர்நாடகத்திலும் 1975-ல் பிச்சை ஒழிப்புச் சட்டம் வந்தது. ரயில் பெட்டியில் கையேந்துவதை 1989-ஆம் வருட ரயில்வே சட்டத்தின் 144-வது பிரிவு தடுக்கிறது. நான் ரயில்வே குமாஸ்தா. வண்டியில் பாடும் கண் தெரியாதவர்களை நான் படம் எடுப்பதில்லை. படம் அவர்களுக்கு எதிரான சாட்சியாகிவிடக் கூடாது அல்லவா?

பெரியவரிடம் காமிராவைப் பைக்குள் வைத்துவிட்டு, “அஜ்ஜா, முதலில் கதையைச் சொல்லுங்கள்” என்றேன். படிக்கட்டில் உட்கார்ந்தோம். காபி வந்தது. அரை மணி நேரம் பாடினார். பாட்டுக்குரிய தட்சிணையைத் தட்டில் போட்ட பிறகுதான் படத்தைப் பற்றிப் பேசினேன். பாட்டுக்குக் கொடுப்பது மரியாதை, படத்துக்குக் கொடுத்தால் கூலி என்பது என் கட்சி. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் இருக்கலாம்.

எட்டு மணிக்கு முந்திய வெயில் முகத்துக்கு நல்லது. வெள்ளை வேட்டியும் விபூதியும் காமிராவின் ஒளிக்கணக்கை ஏமாற்றி முகத்தைக் கறுப்பாக்கிவிடும். ஆகவே முகத்தைப் பார்த்தே ஒளியை அளக்க வேண்டும். அவர் உட்கார்ந்திருந்தால் நாமும் உட்கார வேண்டும். நின்றபடி கீழ்நோக்கி எடுத்தால் எந்தக் கலைஞரும் யாசகராகத்தான் தெரிவார். தாளம் சுழலும்போது பத்துப் படம் எடுத்தேன். அவருக்குப் பிடித்ததோ பாட்டு முடிந்து, தாளத்தை மடியில் வைத்து மூச்சு வாங்கிய படம்.

சாமானிய மனிதர்களை இப்படி அருகிலிருந்து எடுத்தவர் இதே மைசூரில் 1923-ல் பிறந்த டி.எஸ்.சத்யன். 1977-ல் பத்மஸ்ரீ பெற்றார். 2009-ல் இவ்வூரிலேயே காலமானார். அவர் படங்களில் இருக்கும் ஏழைகள் நம்மிடம் இரக்கம் கேட்பதில்லை.

எத்தனையோ பேர் படம் பிடித்தார்கள், ஒருவரும் ஒரு பிரதிகூடக் கொடுக்கவில்லை என்பது பெரியவரின் குறை. விலாசமும் இல்லை, போனும் இல்லை. அமாவாசைக்கு முன் வருவதாகச் சொன்னார், சொன்னபடி வந்தார். இரண்டு பிரதிகள் கொடுத்தேன். ஒன்று வீட்டுக்கு. மற்றது, முதிய கலைஞர்களுக்குக் கன்னட, பண்பாட்டுத் துறை வழங்கும் மாத உதவித்தொகைக்கு மனுப் போட. அந்தப் படத்தில் தாளம் தெரிகிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் பையில் வைத்தார்.