கோளாறு டிஸ்க்கிலா, கேபிளிலா?

ஐந்து வருட ஆண்டு விழாப் படங்கள், மாணவர்களின் புராஜெக்டுகள், மதிப்பெண் பட்டியல்கள் எல்லாமே ஒரே எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில். லேப்டாப்பில் செருகினால் விளக்கு மினுக்குகிறது. திரையில் எதுவும் வரவில்லை. ஒரு பள்ளி ஆசிரியரைப் பதறவைக்க இது போதும். கேரள அரசுப் பள்ளி என்றால் அந்த லேப்டாப்பில் இருப்பது லினக்ஸ். 2001இல் தொடங்கிய 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம், 2017இல் 'கைட்' என்ற அரசு நிறுவனமாக மாறிய பின்னும் கட்டற்ற மென்பொருளைக் கைவிடவில்லை.

பழி உடனே லினக்ஸ் மீது விழுகிறது. அநியாயம். என்ன கோளாறு என்று வாய்விட்டுச் சொல்வதே அதுதான், கேட்கத்தான் ஆளில்லை. டெர்மினலில் 'டி.எம்.இ.எஸ்.ஜி.' என்ற கட்டளையைக் கொடுத்தால் நடந்ததையெல்லாம் வரிசையாகக் கொட்டிவிடும். டிஸ்க்கைச் செருகிய பிறகும் புதிய வரி எதுவும் வராவிட்டால் கேபிளையோ போர்ட்டையோ சந்தேகிக்கலாம். மைனஸ் 71 என்ற எண் வந்தால் பேச்சுவார்த்தை நடுவழியில் குழம்புகிறது. பல சமயம் கேபிள்தான் காரணம். மைனஸ் 110 என்றால் டிஸ்க் உரிய நேரத்தில் பதில் தரவில்லை.

மின்சாரமும் ஒரு வில்லன். யு.எஸ்.பி. 2.0 போர்ட் தர வேண்டியது 500 மில்லி ஆம்பியர்; 3.0 என்றால் 900. சுழலத் தொடங்கும் கணத்தில் டிஸ்க் இதைவிட அதிகம் கேட்கலாம். கிடைக்காவிட்டால் சுற்றுவதும் நிற்பதுமாகத் தவிக்கும். தனி அடாப்டர் உள்ள ஹப் வழியாக இணைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

டிஸ்க்கின் பெயர் தெரிகிறது, ஃபோல்டர் மட்டும் திறக்கவில்லையா? விண்டோஸில் பயன்படுத்திவிட்டு முறைப்படி 'எஜெக்ட்' செய்யாமல் பிடுங்கியிருப்பார்கள். என்.டி.எஃப்.எஸ். முறையில் ஃபார்மேட் செய்த டிஸ்க்கில் அதற்கான அடையாளம் தங்கிவிடும். 2021இல் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்த புதிய டிரைவர் அத்தகைய டிஸ்க்கைத் திறக்க மறுக்கும். விண்டோஸ் கம்ப்யூட்டர் ஒன்றில் 'செக்டிஸ்க்' ஓட்டினால் தீர்ந்தது.

பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. செக்டர் எண்ணோடு 'ஐ/ஓ எரர்' வரிகள் குவிந்தாலோ, டிஸ்க்கிலிருந்து 'டக் டக்' சத்தம் கேட்டாலோ கோளாறு உள்ளேயே இருக்கலாம். அப்போது பழுது பார்க்கும் கட்டளைகளை ஓட்டுவதுதான் பலர் செய்யும் தவறு. அவை டிஸ்க்கில் எழுதவும் செய்யும்; தேறக்கூடிய ஃபைலும் போய்விடலாம். முதலில் நகல். 'டிடிரெஸ்க்யூ' என்ற இலவச புரோகிராம், நன்றாக இருக்கும் பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, அடம்பிடிக்கும் இடங்களுக்குப் பிறகு திரும்பும். எதுவரை முடிந்தது என்று தனி ஃபைலில் குறித்துக்கொள்வதால் நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்தில் தொடரலாம். நகல் எடுக்க அதே அளவோ பெரியதோ ஆன இன்னொரு டிஸ்க் வேண்டும். சத்தம் ஓயாவிட்டால் சுவிட்சை அணைத்து, தகவல் மீட்கும் நிபுணரிடம் கொடுப்பதுதான் வழி. அந்தச் செலவில் புது டிஸ்க்குகள் பல வாங்கிவிடலாம்.