அடியைக் கவிழ்த்துப் பாருங்கள்

யாராவது பழைய இரட்டை நிறச் சப்பாத்து ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தால், உடனே கவிழ்த்துப்போட்டு அடியைத்தான் பார்ப்பேன். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் சப்பாத்துத் திருத்துவது என் தொழில். இந்த வகையைத் தேடிச் சேர்ப்பது என் பைத்தியம். கலியாண வீட்டுக்குப் போடவென்று பழைய பொருள் கடைகளில் வாங்கிவரும் எங்கள் பொடியள் கேட்பது ஒரே கேள்விதான். “அண்ணை, இது எந்தக் காலத்துச் சாமான்? உண்மையாப் பழசோ?” நிறத்தைப் பார்த்து அதற்குப் பதில் சொல்ல முடியாது.

நிறத்துக்கு வேறொரு கணக்கு உண்டு. மூக்கும் குதியும் மண்ணிறம் அல்லது கறுப்பு, நடுப்பகுதி வெள்ளை. சேறும் புல்லும் படுகிற இடத்தில் அழுக்குத் தெரியாத நிறம், படாத இடத்தில் வெயிலுக்கு ஏற்ற வெள்ளை. இது விளையாட்டு மைதானத்தில் பிறந்த சப்பாத்து. 1868இல் கிரிக்கெட்டுக்காக இதை முதலில் செய்தவர் தாமே என்று லண்டன் தொழிலாளி ஜோன் லொப் உரிமை கொண்டாடினார். அமெரிக்காவின் ஸ்போல்டிங் கொம்பனி 1906இல் வேறொரு வகையைக் கொண்டுவந்தது. அதில் நடுப்பாதத்தைச் சுற்றிய பட்டைதான் நிறம் மாறும். பிறகு வேல்ஸ் இளவரசர் எட்வேர்ட் போட்டார், நடனக்காரர் பிரெட் அஸ்டயர் போட்டார். மைதானத்துச் சப்பாத்து சோக்குச் சப்பாத்து ஆகிவிட்டது. 1957இல் பாரிசில் கொக்கோ ஷனெல் பெண்களுக்கு இளமண்ணிறச் சப்பாத்தில் கறுப்பு மூக்கு வைத்ததிலும் அதே புத்திதான்: பாதம் சிறிதாகத் தெரியும், மூக்கு தேய்ந்தாலும் தெரியாது.

இனி அடிக்கு வருவோம். பழைய அமெரிக்கச் சப்பாத்துகள் பலவற்றின் தோல் அடியில் தொழிற்சங்க முத்திரை அழுத்தியிருக்கும். பூட் அன்ட் ஷூ வேர்க்கர்ஸ் யூனியன் 1895இல் தொடங்கி 1977இல் வேறொரு சங்கத்தோடு இணைந்துவிட்டது. அந்த முத்திரை இருந்தால் சப்பாத்து அதற்குப் பிந்தியது அல்ல என்று துணிந்து சொல்லலாம். பிரித்தானியச் சப்பாத்தில் வாய் திறந்த இரண்டு வட்டங்களும் 41 என்ற எண்ணும் இருந்தால், அது போர்க்காலத்து அரசாங்க முத்திரை. 1941க்கும் 1952க்கும் இடையில் செய்தது. நோதம்ப்டன் நகரத்துச் சேர்ச்சஸ் சப்பாத்தில் உள்ளே அச்சிட்ட நகரப் பெயர்களை எண்ணுவேன். லண்டன், நியூயோர்க் என்று தொடங்கிப் பாரிஸ், மிலான் என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. பெயர் கூடக்கூட வயது குறையும்.

பெட்டியோடு கிடைத்தால் பெட்டியை எறியாதீர்கள். அமெரிக்க முகவரியில் ஐந்து இலக்கத் தபால் எண் இருந்தால், அந்தப் பெட்டி 1963க்கு முந்தியதாக இருக்க முடியாது. போர்க்காலத்தையும் மறக்கக்கூடாது. 1943 பெப்ரவரியில் அமெரிக்காவில் சப்பாத்துக்குப் பங்கீடு வந்தது. ஆளுக்கு வருடத்துக்கு மூன்று சோடி. தோல் நிறங்களையும் அரசாங்கம் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைத்தது. ஆகவே, “1944இல் செய்த அமெரிக்க இரட்டை நிறம்” என்று யாராவது விலை சொன்னால் நான் கையை எடுத்துவிடுவேன்.

அடியும் குதியும் மாற்றியிருக்கலாம் என்பதால் மேல் தோலையும் படிக்க வேண்டும். ரொபர்ட் ரெட்போர்ட் நடித்த ‘தி கிரேட் கற்ஸ்பி’ 1974இல் வந்தபோது 1920களின் உடைப்பாணிக்கு மறுபடி மவுசு வந்தது. இருபதுகளில் செய்தது போலத் தோன்றும் எழுபதுகளின் சப்பாத்து நிறையக் கிடைக்கும். உள்ளடியில் பஞ்சு வைத்துச் செயற்கைத் துணி ஒட்டியிருந்தால் சந்தேகப்படுங்கள்.

இன்னொரு விளையாட்டும் நடக்கும்: வெறும் வெள்ளைச் சப்பாத்தின் மூக்கில் மண்ணிறச் சாயம் பூசி விற்பது. உண்மையான இரட்டை நிறத்தில் இரண்டு தோல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தைக்கப்பட்டிருக்கும். தையல் ஓரத்தையும் அலங்காரத் துளைகளையும் உருப்பெருக்கியால் பாருங்கள். மண்ணிறத் தோலின் வெட்டு விளிம்பில் வெள்ளை தெரிந்தாலோ, தையல் நூலிலும் சாயம் ஏறியிருந்தாலோ, அது தூரிகை வேலை.

பராமரிப்பில் தொல்லை முழுவதும் இரு நிறமும் சந்திக்கும் கோட்டில்தான். மண்ணிறப் பொலிஷ் வெள்ளையில் ஒருமுறை ஊறிவிட்டால் திரும்பி வராது. நான் வெள்ளைப் பக்கத்தில் ஒட்டுநாடாவை மெல்ல ஒட்டிவிட்டு, நிறக் கிறீமைக் காது துடைக்கும் பஞ்சுக்குச்சியால் கோடு வரை கொண்டுபோவேன். நாடா தோலை உரிக்குமா என்று நாக்கின் அடிப்பக்கத்தில் முதலில் சோதிக்க வேண்டும். வெள்ளைக்கும் கறுப்புக்கும் தனித்தனித் தூரிகை. வெள்ளைப் பகுதி வழுவழுப்பான தோலென்றால் நிறமில்லாத கிறீம் போதும். மயிர்ப்பான தோலென்றால் கிறீம் எதுவும் வேண்டாம். பென்சில் அழிக்கும் றப்பரும் காய்ந்த தூரிகையும் போதும்.

காய்ந்துபோன தோலுக்கு ஈரப்பதக் கிறீமைக் கொஞ்சமாகப் பூசி, ஒரு நாள் விட்டு மறுபடி பூசுங்கள். அதுவரை மடிக்கவோ போட்டுப்பார்க்கவோ வேண்டாம். உள்ளே மரக்கட்டை வையுங்கள். சீடர் மரமென்றால் ஈரத்தையும் உறிஞ்சும். பொலித்தீன் பையில் கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். கொழும்பு, சென்னை வெக்கையில் இன்னும் விரைவாகப் பிடிக்கும். துணிப்பையில் போட்டு வெயில் படாத அலுமாரியில் வையுங்கள். இங்கே ரொறன்ரோ பாட்டா சப்பாத்து அருங்காட்சியகத்தில் மங்கிய வெளிச்சம் வைத்திருப்பதும் நிறம் வெளிறாமல் காக்கத்தான்.

புதிதாகச் சேர்க்கத் தொடங்குபவருக்கு என் புத்திமதி இதுதான். அடி ஓட்டையா, குதி தேய்ந்ததா, பயப்படாமல் வாங்குங்கள். விளிம்புத் தையல் போட்ட சப்பாத்தென்றால் எங்கள் மாதிரித் தொழிலாளி புது அடி போட்டுத் தருவான். ஆனால் விரல் மடியும் இடத்தில் தோல் வெடித்திருந்தாலோ, தொட்டால் செந்தூள் கையில் ஒட்டினாலோ, எவ்வளவு மலிவென்றாலும் வைத்துவிட்டு வாருங்கள். செந்தூள் தோலே உக்கிப்போனதன் அடையாளம்; அதற்கு எந்தக் கிறீமும் மருந்தல்ல. விலை பேச முன்னர் பெருவிரலால் அந்த மடிப்பை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விற்பவர் வேண்டாமென்று தடுத்தால் அதுவும் ஒரு பதில்தான்.